பறித்த பட்டத்தை யாரிடம் கொடுப்பது?

யுவென்டஸ் எத்தனை முறை இத்தாலியின் சாம்பியன் என்று ஒரு யுவென்டஸ் ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 38 என்பார். இத்தாலியக் கால்பந்து சம்மேளனத்தின் கணக்கில் 36 தான். நடுவில் காணாமல் போன அந்த இரண்டு பட்டங்களுக்காக 2006-லிருந்து சண்டை ஓய்ந்தபாடில்லை. 2012-ல் அந்த அணியின் சட்டையிலேயே ‘களத்தில் 30’ என்று இத்தாலிய மொழியில் பொறித்தார்கள், அப்போது அதிகாரபூர்வ எண்ணிக்கை 28. சட்டையே வழக்காடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சண்டையில் எனக்குச் சொந்தக் கட்சி கிடையாது. யுவென்டஸுக்காக உயிரை விடும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அதன் எதிரி அணியான இன்டர் என்றால் எழுந்து நிற்கும் இன்னொருவரும் இருக்கிறார், நடுவில் உட்கார்ந்து பல வருடமாகக் கேட்டதில் எனக்கு ஒன்று தெரிந்தது. ஏமாற்றினார்களா இல்லையா என்பதைவிட, ஏமாற்றியது தெரிந்தபின் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில்தான் இருவரும் அதிகம் மோதுகிறார்கள். 2006-ல் ஒரே வழக்கில் ஏறக்குறைய எல்லா வகைத் தண்டனையையும் போட்டுப் பார்த்துவிட்டது இத்தாலி. ஒரு பட்டத்தைப் பறித்து யாருக்கும் தராமல் விட்டார்கள், இன்னொன்றைப் பறித்து வேறு அணிக்குத் தந்தார்கள். முடிந்துபோன சீசனில் புள்ளி வெட்டினார்கள், வரப்போகும் சீசனிலும் வெட்டினார்கள், ஓர் அணியைக் கீழே இறக்கினார்கள், ஆட்களுக்குத் தடை போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான வழக்கு கிடைக்காது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2006 மே மாதம் பத்திரிகைகளில் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள் வரிசையாக வெளிவந்தன. 2004-05 சீசனில் பதிவானவை. யுவென்டஸின் பொது இயக்குநர் லுச்சானோ மோஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று ஒதுக்கும் வேலையில் இருந்த பெர்காமோ, பைரெத்தோ இருவரிடமும் சர்வ சாதாரணமாகப் பேசுகிறார். ரெஜ்ஜினாவிடம் தோற்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகு நடுவர் பப்பரேஸ்தாவையும் அவருடைய உதவியாளர்களையும் உடை மாற்றும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டதாகத் தொலைபேசியில் பெருமையடித்துக்கொண்டார் மோஜி. என்னை யாரும் பூட்டவே இல்லை என்று அந்த நடுவரே பிறகு மறுத்தார். வழக்கு முழுக்க இந்த ரகம்தான். பணக்கட்டு கைமாறியது, இந்த ஆட்டம் இத்தனைக்கு விற்கப்பட்டது என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றுமில்லை, ஆனால் நடுவர்களை ஒதுக்குபவரும் அந்த நடுவர்களின் கீழ் ஆடும் அணியின் மேலாளரும் இப்படிக் கொஞ்சிக் குலாவினால் அந்த லீகில் நேர்மை எங்கே இருக்கும் என்ற கேள்வி மட்டும் பூதமாக நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இது கொதித்துக்கொண்டிருந்தபோதே இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. ஜூலை 9, பெர்லின் இறுதி ஆட்டம். நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கி, வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். அன்று களத்தில் இறங்கியவர்களில் எட்டுப் பேர் யுவென்டஸ்காரர்கள். இத்தாலிக்கு புஃபோன், கன்னவாரோ, சாம்பிரோட்டா, கமோரனேசி, டெல் பியேரோ. பிரான்சுக்கு துராம், வியேரா, த்ரெஸகே. த்ரெஸகே அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து கோட்டைத் தாண்டாமல் நின்றது, அங்கேதான் கோப்பை கை மாறியது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 14 அன்று, அவர்கள் எல்லோரும் இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

சரி, தீர்ப்புக்கு வருவோம். முதலில் பட்டம்.

2005-06 சீசனில் யுவென்டஸுக்கு 91 புள்ளி, மிலானுக்கு 88, இன்டருக்கு 76. யுவென்டஸைக் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள், இதே வழக்கில் சிக்கிய மிலானுக்கு 30 புள்ளி வெட்டினார்கள், மூன்றாவதாக 15 புள்ளி பின்தங்கி நின்ற இன்டர் சாம்பியன் ஆனது. இந்த முடிவை எடுத்தவர் அப்போது சம்மேளனத்துக்குச் சிறப்பு ஆணையராக வந்திருந்த குயிதோ ரோஸ்ஸி. அவர் முன்பு இன்டரின் நிர்வாகக் குழுவில் இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அவர் எவ்வளவு யோக்கியமாக முடிவெடுத்திருந்தாலும் இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? யுவென்டஸ் நண்பர் இதை ‘அட்டை ஸ்குதெத்தோ’ என்பார். சாம்பியன்கள் சட்டையில் தைத்துக்கொள்ளும் சிறிய கேடயத்துக்கு ஸ்குதெத்தோ என்று பெயர், இது அட்டையில் வெட்டி ஒட்டியது என்று கேலி. அவர் கண்டுபிடித்ததல்ல, இத்தாலியில் எல்லா யுவென்டஸ் ரசிகரும் சொல்வதுதான்.

அட்டை என்பது கேலி. உள்ளே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. ஒட்டுக்கேட்பு நடந்தது 2004-05 சீசனில். பட்டத்தைக் கைமாற்றியது 2005-06-க்கு. அந்த இரண்டாவது சீசனை யாரும் தனியாக விசாரிக்கவே இல்லை. அப்புறம் 2010-ல், நேப்பிள்ஸ் நீதிமன்றத்தில் மோஜியின் தரப்பு பழைய பதிவுகளைக் கிளறியபோது, இன்டர் உட்பட மற்ற அணிக்காரர்களும் அதே ஒதுக்கீட்டாளர்களிடம் பேசியிருப்பது வெளியே வந்தது. 2011-ல் சம்மேளனத்தின் வழக்குத் தொடுநர் பலாட்ஸி, அன்று இன்டர் தலைவராக இருந்த ஃபக்கெட்டியின் பேச்சுகள் மேல் நடவடிக்கை எடுத்திருக்கலாம், ஆனால் கால வரம்பு கடந்துவிட்டது என்று எழுதினார். ஃபக்கெட்டி 2006 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை, விசாரணையும் நடக்கவில்லை, அதனால் அதைக் குற்றம் என்று யாரும் எழுதிவிட முடியாது. ஆனால் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்த அவசரம் அப்போது எல்லோருக்கும் உறைத்தது. அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டதற்கு, எங்களுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சம்மேளனம் 2011 ஜூலையில் கைவிரித்தது. கொடுக்க அதிகாரம் இருந்ததாம், வாங்கத்தான் இல்லையாம்.

இதற்குப் பக்கத்தில் 2004-05 பட்டத்தை வைத்துப் பாருங்கள். யுவென்டஸ் 86, மிலான் 79. பறித்தார்கள், யாருக்கும் தரவில்லை, பட்டியலில் அந்த வருடம் காலி. பட்டத்துக்காக யுவென்டஸ் பிறகு போட்ட மனுக்களெல்லாம் 2006 பட்டத்தை இன்டருக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான். காலியாகக் கிடக்கும் 2005-ஐப் பற்றி இன்டர் ரசிகருக்கும் சொல்ல ஒன்றுமில்லை, மிலான் ரசிகருக்கும் இல்லை. காலி இடத்தோடு யார் சண்டை போடுவது?

பிரான்சில் இதை முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். 1993 மே 20, மார்செய் அணிக்கும் வலென்சியென் அணிக்கும் ஆட்டம். ஆறு நாள் கழித்து மியூனிக்கில் மிலானோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் இருந்ததால், மார்செய் தரப்பிலிருந்து எதிரணி ஆட்டக்காரர்கள் சிலருக்கு, எங்கள் ஆட்களை இடிக்காமல் மெதுவாக ஆடுங்கள் என்று பணத்தோடு தூது போனது. ஒத்துக்கொள்ளாத ஜாக் கிளாஸ்மன் விஷயத்தை வெளியே சொன்னார். கடைசியில் போலீஸ் ஓர் ஆட்டக்காரரின் சொந்தக்காரர் வீட்டுத் தோட்டத்தைத் தோண்டி, புதைத்து வைத்த 2,50,000 பிராங்கை எடுத்தது. மார்செயின் அந்த வருடப் பிரெஞ்சுப் பட்டம் பறிக்கப்பட்டது, இரண்டாவதாக வந்த பாரிஸுக்குத் தரப்படவில்லை, இன்றுவரை காலிதான். அடுத்த வருட ஐரோப்பியப் போட்டியில் மார்செயின் இடத்தில் ஆடியதுகூட பாரிஸ் இல்லை, மூன்றாவதாக வந்த மொனாக்கோ. பாரிஸ் ரசிகர் எவரும் 1993 எங்களுடையது என்று கத்தி நான் கேட்டதில்லை. (உண்மையைச் சொன்ன கிளாஸ்மனை ஊர் ஊராக மைதானங்களில் கூச்சலிட்டுக் கேவலப்படுத்தினார்கள் என்பது தனிக்கதை. பிறகு ஃபிஃபா அவருக்கு ஃபேர் பிளே விருது கொடுத்தது, அந்தக் கூச்சலுக்கு அது ஈடாகுமா தெரியவில்லை.)

இங்கே இன்டர் நண்பர் ஒரு கேள்வி கேட்பார், அதுவும் நியாயமானதே. நேர்மையாக ஆடி அடுத்த இடத்தில் வந்தவனுக்கு ஒன்றும் கிடையாதா? ஏன் இல்லை, ஐரோப்பியப் போட்டிக்கான இடத்தைக் கொடுங்கள், பரிசுப் பணத்தைக் கொடுங்கள், அவையெல்லாம் வருடா வருடம் பங்கு போடுகிற விஷயங்கள். பட்டம் வேறு சமாச்சாரம். கடைசி விசில் அடித்ததும் களத்தில் கட்டிப் பிடித்து அழுகிறார்களே, அதற்குப் பெயர்தான் பட்டம். ஜூலை மாத வெயிலில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து தாள் வந்து அதை வாங்கிக்கொண்டால் ஆட்டக்காரனுக்கே ருசிக்காது.

அடுத்து புள்ளி வெட்டுவது. இதில்தான் பெரிய கண்துடைப்பு நடந்தது, ஆனால் அதிகம் பேசப்படாததும் இதுதான். முதல் தீர்ப்பில் மிலானுக்கு 2005-06 கணக்கிலிருந்து 44 புள்ளி வெட்டு, அதாவது ஐரோப்பாவுக்கே போக முடியாது. அப்பீலில் அது 30 ஆனது. 88-ல் 30 போனால் 58, அது மூன்றாம் இடத்துக்குப் போதும், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குள் நுழையவும் போதும். மிலான் அங்கே பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியைத் தாண்டியது, ஒவ்வொரு சுற்றாக ஏறியது, 2007 மே 23 அன்று ஏதென்ஸில் இன்சாகி அடித்த இரண்டு கோலில் லிவர்பூலை 2-1 என்று வென்று ஐரோப்பியச் சாம்பியனே ஆகிவிட்டது. தண்டனை வாங்கிய வருடத்தில்! அதே 30 புள்ளி வெட்டு ஃபியோரென்டினாவுக்கும் விழுந்தது, 74 என்பது 44 ஆகி, அந்த அணி கையில் வைத்திருந்த சாம்பியன்ஸ் லீக் இடம் பறிபோனது. வெட்டு ஒன்றேதான், ஒருவனுக்குச் சதை போயிற்று, இன்னொருவனுக்கு நகம்.

முடிந்த சீசனில் வெட்டுவதில் உள்ள கோளாறே இதுதான். பட்டியல் கண் முன்னால் இருக்கிறது. எத்தனை வெட்டினால் எவன் எங்கே வந்து நிற்பான் என்று தீர்ப்பு எழுதுபவருக்கே முன்கூட்டித் தெரியும். அவர் உள்நோக்கத்தோடு செய்தார் என்று சொல்லவில்லை, ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்த எவனும் சந்தேகப்படுவான்.

வரப்போகும் சீசனில் வெட்டுவது எவ்வளவோ மேல். 2006-07-ல் ஃபியோரென்டினா மைனஸ் 15 என்ற சுமையோடு ஆடி, 58 புள்ளியோடு ஆறாவதாக முடித்தது. வெட்டு இல்லையென்றால் 73, மூன்றாம் இடம். ரெஜ்ஜினாவுக்கு மைனஸ் 11, சின்ன அணி, மூழ்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், கடைசி நாளில் மிலானை வென்று தப்பித்தது. அந்த மிலான் நான்கு நாள் முன்புதான் ஏதென்ஸில் கோப்பையைத் தூக்கியிருந்தது என்பதால் எவ்வளவு வெறியோடு ஆடியிருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். எப்படியோ, ஒவ்வொரு வாரமும் பட்டியலைப் பார்க்கும்போது தண்டனை கண்ணில் படுகிறது, ஆடித்தான் அதைக் கரைக்க வேண்டும். அணிக்குள் இருப்பவர்களுக்கும் அது ஒரு கதையைக் கொடுக்கிறது. லாசியோ விஷயம் மட்டும் உறுத்துகிறது. முதல் தீர்ப்பில் கீழே இறக்கப்பட்ட அணி, அப்பீலில் மேலே வந்து, மைனஸ் 11 என்று ஆகி, சமரசத் தீர்ப்பாயத்தில் அதுவும் மைனஸ் 3 ஆகி, அந்த சீசனில் மூன்றாவதாக வந்து சாம்பியன்ஸ் லீகுக்கே போனது. படிக்குப் படி பேரம் பேசிக் குறைத்துக்கொண்டே வந்தால் அது தண்டனையா, சந்தை விலையா?

இனி கீழே இறக்குவது. அதிகம் வலிப்பது இதுதான்.

பலாட்ஸி யுவென்டஸை இரண்டாம் டிவிஷனான சீரி பி-க்கும் கீழே அனுப்பச் சொன்னார். விசாரணையில் யுவென்டஸின் வக்கீலே, சீரி பி-யும் கொஞ்சம் புள்ளி வெட்டும் என்றால் ஏற்கலாம் என்கிற மாதிரி சொல்லிவைத்தார். நண்பர் அந்த வக்கீலை இன்றைக்கும் திட்டுவார். மைனஸ் 30 என்று தொடங்கி, அப்பீலில் 17 ஆகி, அக்டோபரில் 9 ஆனது. ஆட்டக்காரர்கள் கலைந்தார்கள். இப்ராஹிமோவிச்சும் வியேராவும் இன்டருக்கே போனார்கள், கன்னவாரோவும் எமெர்சனும் ரியல் மாட்ரிட், துராமும் சாம்பிரோட்டாவும் பார்சிலோனா. புஃபோன், டெல் பியேரோ, நெட்வெட், த்ரெஸகே, கமோரனேசி தங்கினார்கள். இவர்கள் யாரும் தொலைபேசியில் பேசியவர்கள் இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். செப்டம்பரில் ரிமினி என்ற கடற்கரை ஊரில் முதல் ஆட்டம், உலகக் கோப்பையை வாங்கி இரண்டு மாதமே ஆன கோல்கீப்பர் அங்கே வலைக்கு முன்னால் நிற்கிறார், 1-1. அந்த ஊர்க்காரர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல ஒரு கதை கிடைத்தது. யுவென்டஸ் வெட்டையும் தாண்டி 85 புள்ளியோடு முதலிடம் பிடித்து ஒரே வருடத்தில் திரும்பியது.

ஓர் அணியை இறக்கினால் அது மட்டும் இறங்குவதில்லை என்பதைத்தான் இறக்கச் சொல்பவர்கள் மறக்கிறார்கள். நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் புல்லுக்கும் பொசியும். இறங்க வேண்டிய மெஸ்ஸினா, யுவென்டஸ் போனதால் சீரி ஏ-யில் ஒரு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தது. ஏழாவதாக வந்த கியேவோ, வெரோனாவின் ஒரு சிறு பேட்டையின் அணி, திடீரென்று சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் நின்றது, பல்கேரியாவின் லெவ்ஸ்கியிடம் தோற்று வந்தது. தண்ணீருக்குப் பதில் வெந்நீர் பாய்ந்த இடமும் உண்டு. சீரி பி-யில் அரெட்ஸோ என்ற அணி இதே விவகாரத்தில் மைனஸ் 6-ல் தொடங்கியது, பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டே. சீசனின் கடைசி நாளில், ஏற்கெனவே மேலே போவது உறுதியான யுவென்டஸ் சொந்த மைதானத்தில் ஸ்பெட்ஸியாவிடம் 3-2 என்று தோற்றது. ஸ்பெட்ஸியா தப்பித்தது, அரெட்ஸோ ஒரே ஒரு புள்ளியில் மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தது. கோன்டே தன் ஆட்டக் காலத்தின் பெரும்பகுதி ஆடிய அணி யுவென்டஸ். அன்று அவர் வாயில் என்ன வந்திருக்கும்!

ஆனாலும் இறக்குவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அணியின் பெயரை வைத்துத்தான் மோஜியின் தொலைபேசிக்கு அவ்வளவு மரியாதை. லாபம் அணிக்குப் போகும், பழி மட்டும் மேலாளரோடு போகும் என்றால் அடுத்த மோஜியைத் தேடி எல்லா அணியும் விளம்பரம் கொடுக்கும்.

ஆட்களைத் தண்டிப்பது பற்றிக் கொஞ்சம். விளையாட்டுத் தீர்ப்பாயம் மோஜிக்கு ஐந்து வருடத் தடை போட்டது, 2011-ல் அது ஆயுள் தடை ஆனது. அந்த முதல் தடை வாரக் கணக்கில் முடிந்த விஷயம். குற்றவியல் நீதிமன்றமோ 2011 நவம்பரில் 5 வருடம் 4 மாதம் என்றது, 2013 மேல்முறையீட்டில் 2 வருடம் 4 மாதம் என்றது, 2015 மார்ச்சில் ரோமின் உச்ச நீதிமன்றம் சில குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, மற்றவை காலாவதி ஆகிவிட்டன என்று முடித்தது. ஒன்பது வருடம். சிறைக்கு ஒருநாளும் போகவில்லை. மார்செயின் தலைவர் பெர்னார் தாப்பி சில மாதமாவது உள்ளே இருந்தார்.

கடைசியாக, அணியின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. யுவென்டஸ் 2006 ஆகஸ்டில் அரசின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகப் போவதாக அறிவித்தது. கால்பந்துத் தகராறைப் பொது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் இத்தாலியையே இடைநீக்கம் செய்வோம் என்று ஃபிஃபா மிரட்டியது. ஆகஸ்ட் 31 அன்று யுவென்டஸ் பின்வாங்கியது. அன்றே போராடியிருந்தால் இந்தக் கேவலம் வந்திருக்காது என்பது நண்பரின் தீராத ஆதங்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்வாங்கியதால்தான் இரண்டு மாதத்தில் 17 என்பது 9 ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மோதிக்கொண்டே அந்தக் குறைப்பை வாங்கியிருக்க முடியுமா? பிறகு நீதிமன்றத்தில் கேட்டபோது என்ன கிடைத்தது? சம்மேளனத்திடம் 443 மில்லியன் யூரோ நஷ்டஈடு கேட்ட மனுவை 2016-ல் அதே நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2006 பட்டத்தைப் பற்றிய மனுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. வக்கீல்களுக்கு மட்டும் நல்ல சீசன்.

என் கையில் விட்டிருந்தால் 2005-ஐப் பறித்துக் காலியாக வைத்தது சரியே, 2006-ஐயும் அப்படியே வைத்திருப்பேன். மிலானின் முப்பதைப் பழைய கணக்கில் வெட்டாமல் அடுத்த வருடத்தில் வெட்டியிருப்பேன், முப்பதும் வேண்டாம், இருபது போதும், ஆனால் அந்த வருடம் ஐரோப்பா கிடையாது. யுவென்டஸ் சீரி பி, முதலில் சொன்ன மைனஸ் எதுவோ கடைசி வரை அதுவே. மோஜிக்கு ஆயுள் தடையை ஐந்து வருடம் காத்திருந்து அல்ல, அந்த ஜூலையிலேயே.

இதை யுவென்டஸ் நண்பரிடம் சொன்னேன். 2006-ஐ இன்டரிடமிருந்து பிடுங்கினால் போதும், எங்களுக்குத் திருப்பித் தர வேண்டாம், அதோடு விட்டுவிடுகிறோம் என்றார். போன வாரம் அவருடைய மகனின் பிறந்தநாளுக்கு ஒரு யுவென்டஸ் சட்டை வாங்கி வந்தார். முதுகில் பையனின் பெயர், கீழே எண் 38.